கோகுரா கல்லில் முசாஷி தாமதமாக வரவில்லை

ஷிமோனோசெகி,
பிப்ரவரி 11

அன்பு மகள் ஷிஹோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முழங்காலையும் அம்மாவின் கோபத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இங்கே இருவரும் நலம். அங்கே பெர்கனில் மழை விட்டதா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரிந்தால் மனசு ஆறும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் முடிப்பதற்குள் நீ பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். பதினோரு வருஷமாக அப்படித்தான் தப்பித்து வருகிறேன். அதனால் இதைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் பேசு.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா கரதோ சந்தையில் சனி, ஞாயிறு மட்டும்தான் இப்போது கடை போடுகிறாள். புகு மீன் வைத்த சூஷி பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது என்று அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. உன் அறை ஜன்னல் செப்டம்பர் புயலில் கழன்றுகொண்டது, நானே மாட்டினேன், கொஞ்சம் கோணல்தான், காற்று வரவில்லை. கோயில் படிக்கட்டுப் பக்கம் பிளம் பூத்துவிட்டது. நான் இன்னும் அதே தீவுச் சுற்றுலாப் படகில்தான் இருக்கிறேன். எழுபது தாண்டிவிட்டது, ஆனாலும் என் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்க இன்னும் ஆள் வரவில்லை.

படகில் நான் செய்யும் கூத்து உனக்கு மனப்பாடம். புறப்பட வேண்டிய நேரம் வந்தும் கயிற்றை அவிழ்க்கவிடாமல் நிறுத்தி வைப்பேன். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் நெளிவார்கள். நம் ஊரில் ஒரு நிமிஷம் தாமதம் என்றாலே ரயில்காரர்கள் மன்னிப்புக் கேட்பவர்கள், இங்கே மூன்று நிமிஷம். அப்புறம் ஒலிபெருக்கியை எடுத்து, கோபம் வருதா, கொஜிரோவுக்கும் இப்படித்தான் வந்துச்சு என்று ஆரம்பிப்பேன். நானூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தீவில் முசாஷி என்ற வாள்வீரனோடு மோத கொஜிரோ விடிந்ததிலிருந்து கரையில் நின்றான், முசாஷி வேண்டுமென்றே தூங்கி எழுந்து, சாவகாசமாகச் சாப்பிட்டு, வருகிற வழியில் துடுப்பைச் செதுக்கி மரவாள் செய்துகொண்டு வந்தான், காத்திருந்த எரிச்சலிலேயே கொஜிரோ பாதி தோற்றான், மீதி ஒரே அடியில் முடிந்தது. எல்லோரும் சிரிப்பார்கள், படகு கிளம்பும். முப்பது வருஷமாக இந்தச் சிரிப்பைக் கேட்டதில் காக்க வைப்பவன்தான் ஜெயிப்பான் என்று நானே நம்பிவிட்டேன். வீட்டிலும் அதைத்தான் நடத்தினேன், உனக்குத் தெரியாததில்லை. சண்டை வந்தால் முதலில் பேச மாட்டேன். கூப்பிட்டால் உடனே எழுந்து வர மாட்டேன்.

நவம்பரில் ஒரு நாள் கோகுராவிலிருந்து ஹிரோனாகா என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை படகில் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். என் கூத்துக்கு எல்லோரும் சிரித்தபோது அவள் மட்டும் மரியாதைக்குச் சிரித்தாள். தீவில் இறங்கியதும் முசாஷியும் கொஜிரோவும் மோதுகிற சிலைக்குப் பக்கத்தில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "ஐயா, கோவிச்சுக்காதீங்க. அவர் லேட்டா வந்த கதை சண்டை முடிஞ்சு நூறு வருஷத்துக்கு அப்புறம் எழுதினதுலதான் இருக்கு. எங்க ஊர்க் கல்லுல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்தாங்கன்னுதான் வெட்டியிருக்கு" என்றாள். துடுப்புக் கதையும் பின்னால் வந்த ஒட்டுதான், கல்லில் மர ஆயுதம் என்பதோடு சரி என்றாள். அப்போ என் மூணு நிமிஷத்தை நீ திருப்பித் தருவியாம்மா என்று கேட்டு அவளை மடக்கிவிட்டேன். கூட்டம் அதற்கும் சிரித்தது. அவள் முகம் சிவந்துபோய்க் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். உனக்குப் பதினாறு வயசில், ஆட்கள் நடுவில் நீ ஏதோ திருத்தப்போய் நான் இப்படித்தான் உன்னையும் மடக்கினேன். வீடு திரும்புகிறவரை அந்த நினைப்பு என்னை விடவில்லை.

டிசம்பரில் மனசு கேட்காமல் கோகுராவுக்குப் போய், அந்தக் கல் நிற்கிற தமுகேயாமா குன்றில் ஏறினேன். முழங்கால் அன்றைக்குத்தான் கெட்டது. அந்தப் பெண்ணையும் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி வரவழைத்து முதல் காரியமாக மன்னிப்புக் கேட்டேன். ஆளுயரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான கல், எல்லாம் பழைய சீன நடை, எனக்கு முசாஷியின் பெயரைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. அவள் விரலை நீட்டி ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினாள். இருவரும் ஒரே நேரத்தில் சந்தித்தார்கள், இருக்கிறது ஷிஹோ, கல்லிலேயே இருக்கிறது. முசாஷி செத்து ஒன்பது வருஷம் கழித்து அவன் வளர்ப்பு மகன் இயோரி நிறுத்திய கல். நானும் விடாமல், அப்போ கல் சொல்றதுதான் முழு உண்மையா என்று கேட்டேன். அதையும் அப்படி நம்ப முடியாது என்றாள். கோகுராவுக்குப் பக்கத்து மோஜி கோட்டையில் இருந்தவர்களின் வீட்டுக் குறிப்பு ஒன்று, அடிபட்ட கொஜிரோவுக்கு உயிர் இருந்தது, ஒளிந்திருந்த முசாஷியின் ஆட்கள்தான் வந்து கொன்றார்கள் என்று சொல்கிறதாம். எது உண்மையோ, யாருக்கும் அறுதியிட்டுத் தெரியாது. "மகன் வெச்ச கல்லு இல்லையா ஐயா, அப்பாவுக்குச் சங்கடமானதை எல்லாம் எழுதியிருக்க மாட்டார்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் குன்றை விட்டு இறங்கினேன்.

அவளை அனுப்பிவிட்டுத் திரும்ப கோகுரா ஸ்டேஷனுக்கு வந்தேன். எந்த ஸ்டேஷன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், நார்வேயில் வேலை என்று நீ சொன்ன நாளிலிருந்து எட்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. கிளம்புகிற அன்று காலையில் நீயே படகுத்துறைக்குப் போன் பண்ணி, பத்து மணி வண்டிப்பா, ஒரு தடவை பாத்துட்டுப் போறேன் என்றாய். நான் வரவில்லை. சாயங்காலம் போனில், நடுக்கடலில் படகு இன்ஜின் நின்றுவிட்டது என்றேன். இன்ஜின் என்ன பண்ணும்ப்பா, பரவாயில்ல என்றாய்.

இன்ஜின் நிற்கவில்லை ஷிஹோ. அன்றைக்கு நான் படகிலேயே ஏறவில்லை. ஒன்பதரைக்கே கோகுரா ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். கீழே நின்றுகொண்டே சாப்பிடுகிற உடோன் நூடுல்ஸ் கடையில், நீ நின்ற மேடைக்கு நேர் கீழே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். காக்க வைத்தால் நீ கலங்குவாய், வண்டியைத் தவறவிடுவாய், மனசு மாறுவாய் என்று கணக்குப் போட்டேன். தலைக்கு மேலே உன் வண்டி வந்து போன சத்தம் கேட்டது. இறங்கி வருவாய் என்று இருந்தேன். இன்னொரு வண்டி போன சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகுதான் பயம் வந்து மாடிப்படியில் ஓடினேன். ஏறி முடித்தபோது மூன்றாவது வண்டியின் வால்தான் தெரிந்தது, மேடையில் அம்மா மட்டும் நின்றாள். நான் படியேறி வந்ததைப் பார்த்தும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அப்போதுதான் படகிலிருந்து ஓடி வந்ததுபோல் மூச்சு வாங்கினேன். நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான்.

போன வாரம்தான் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் மீன் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவே இல்லை. "அன்னிக்கு உங்க காலர்ல வெங்காயத்தாள் ஒட்டியிருந்துச்சு. இன்ஜின் ரிப்பேர் பண்றவன் எவன் உடோன் தின்னுட்டு வருவான்?" என்றாள். மேடையில் யாராவது என்னைப்போல் நீலத் தொப்பியோடு படியேறினால் நீ எட்டி எட்டிப் பார்த்ததாகவும், இரண்டு வண்டியை விட்டுவிட்டு விமானத்துக்கு நேரமில்லாமல் மூன்றாவதில் ஏறியதாகவும் அன்றுதான் எனக்குச் சொன்னாள். ஷிஹோவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "நான் சொல்லல. அவளும் ஒரு வார்த்தை கேட்கல. நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு புத்தாண்டு அட்டையிலும் நீ மறக்காமல் எழுதுகிறாய், படகு இன்ஜின் நல்லா ஓடுதாப்பா என்று. முதல் இரண்டு வருஷம் விளையாட்டு என்று சிரித்தேன், அப்புறம் டிசம்பர் முடிந்தாலே தபால் பெட்டியைத் திறக்க அம்மாவைத்தான் அனுப்புவேன். இந்த வருஷ அட்டையை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்த ஆசிரியை சொன்னது ஞாபகம் வந்தது. நீயும் எனக்கு ஒரு கல் நிறுத்தி, அதில் இன்ஜின் மேல் பழியைப் போட்டு எழுதி, பதினோரு வருஷமாகத் தூசி தட்டி வைத்திருக்கிறாய். எனக்கு அந்தக் கல் வேண்டாம்மா. நான் அதற்கு லாயக்கில்லை.

ஜனவரியிலிருந்து படகு சொன்ன நேரத்துக்குக் கிளம்புகிறது. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், அந்த மூன்று நிமிஷத்துக்காகவே வருகிறவர்கள் உண்டாம். இதுதான் கதை, இது கல்லில் இருப்பது, இது யாருக்கும் தெரியாதது என்று மூன்றையும் சொல்கிறேன். முன்போல் சிரிப்பு இல்லை. சிலர் கேள்வி கேட்கிறார்கள்.

மார்ச் ஒன்பதாம் தேதி பத்து நாற்பதுக்கு உன் விமானம் ஃபுகுவோகாவில் இறங்குகிறது, அலுவலகக் கூட்டம் இரண்டே நாள், ஷிமோனோசெகிக்கு வர நேரம் இருக்காது என்று அம்மாவிடம் சொன்னாயாம். வரச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் எட்டு மணிக்கே விமான நிலையத்தில் இருப்பேன். அந்த நேரத்துக்கு அங்கே போய் யாரைப் பிடிக்கப் போறீங்க என்று அம்மா கேலி செய்கிறாள், செய்யட்டும். நீலத் தொப்பி போட்டிருப்பேன். பார்க்க மனமில்லை என்றால் வேறு வழியாகப் போய்விடு, உன்மேல் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ போய்விட்டாய் என்று எனக்குத் தெரியாதே, அதனால் சாயங்காலம்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அது எனக்கு வேண்டியதுதான்.

மார்ச்சில் இங்கே காற்று ஈரமாக அடிக்கும், கழுத்துக்குத் துணி எடுத்துக்கொள். பரிசு, இனிப்பு என்று எதையும் சுமந்து வராதே. எந்த ஊரில் இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல், உன்னைக் காக்க வைக்காத மனிதர்கள் நடுவில் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். ஒரே ஒரு ஞாபகம், அடுத்த அட்டையில் இன்ஜினை விசாரிக்காதே. அதற்கு அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உன் அப்பா,
மொரிவாகி தெத்சுஜி