கண் முகாமில் ஒரு பொன்னாடை

ஞாயிறு, இரவு.

பிள்ளையார்பாளையத்தில் இன்று எங்கள் சங்கத்தின் இலவசக் கண் முகாம். பத்து மணி வரை ஒருவரும் வரவில்லை. டாக்டர் மூன்றாவது டீயில் இருந்தார். கண் மங்கல் என்று வெளியே தெரிந்தால் தறிக்கு வேலை வராது என்ற பயம் அந்த நெசவாளர் தெருவுக்கு.

அந்தத் தெரு வசந்தா அக்கா சொன்னால் கேட்கும். நெசவில் அவ்வளவு கெட்டிக்காரி. அவருக்குப் பொன்னாடை போர்த்தி, முதல் ஆளாகச் சோதனைக்கு உட்கார வைப்போம் என்றார் தலைவர். எங்கள் சங்கத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பொன்னாடை. செயலாளர் என்பதால் வாங்கியதும் நான், போர்த்தியதும் நான்.

அக்கா அதன் கரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். எதிரே மைக் இருந்தது.

"இது பட்டு இல்லமா. ஜரிகையும் டூப்பு. யாரு வாங்கினது?"

"நான்தான்கா."

"கண்ண தொறந்துக்கினுதான வாங்கின? அப்ப நீ மொதல்ல குந்து."

தெருவே சிரித்தது. குந்தினேன். சோதனை அட்டையின் நான்காவது வரியில் எழுத்துகள் எறும்பாகிவிட்டன. டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

"படிச்ச பொண்ணுக்கே கண்ணாடியாம்பா!" என்றது ஒரு குரல். அதற்குப் பிறகு தெருவே சோதனைக்கு வரிசை கட்டிவிட்டது. அடுத்து உட்கார்ந்த அக்காவுக்கும் அதே வரியில்தான் தகராறு.

"அந்த அட்டைய கையில குடுங்க சார், தடவிப் பாத்து சொல்றேன்."

கிளம்பும்போது பொன்னாடையை மடித்து என் தோளிலேயே போட்டுவிட்டுப் போனார். இப்போது விளக்கடியில் விரித்து வைத்திருக்கிறேன். எனக்கு இன்னும் பட்டாகத்தான் தெரிகிறது.