பின்சக்கரத்துச் சத்தம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

செல்வத்தின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஓப்பநாயக்க இறக்கத்தில் பின்சக்கரம் இறுகி, மோட்டார்சைக்கிளோடு ரோட்டோர வடிகால் கானுக்குள் விழுந்திருக்கிறான்.

போன வாரம் அந்தப் பழைய வண்டியைப் பழுதுபார்க்க என் கராஜுக்குத்தான் கொண்டுவந்தான். "பின்னால கரகரன்னு சத்தம் வருதுண்ணே. செயின்தானே?" என்றான். செயினை இறுக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். எஞ்சினை அணைத்து, செயினைக் கழற்றிவிட்டு இறக்கத்தில் உருளவிட்டபோதும் சத்தம் நிற்கவில்லை. அப்படியென்றால் சக்கரத்து பேரிங் போய்விட்டது. அது எனக்கு அப்போதே தெரியும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சக்கரத்தைக் கழற்றச் சோம்பல்பட்டு, "செயின்தான், இப்ப சரி" என்று அனுப்பிவிட்டேன்.

இன்று ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி ராணி அழுதாள். "நீங்க பாத்துக் குடுத்த வண்டி, அதுல என்னண்ணே கொறை இருக்கும்? இவருதான் வேகமா போயிருக்காரு. எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டாரு."

நான் உள்ளே போனேன். செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் மெதுவாத்தாண்ணே வந்தேன். அவ நம்ப மாட்டேங்கிறா. நீங்களாவது சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். வெளியே வந்ததும் ராணி நின்ற பக்கம் பார்க்காமல் பெல்மதுளை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.