மேடை இல்லாத இடம்

செவ்வாய், இரவு.

தூக்கமே வரவில்லை. மறதி நோய் வந்த எலிக்கு மருந்து கொடுத்து, அடி தெரியாதபடி பால்மா கலக்கிய தொட்டியில் நீந்தவிட்டு, தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையைத் தேடிப் பிடிக்கப் பழக்கியிருந்தோம். இன்று சோதனைக்காக மேடையை எடுத்துவிட்டேன். எலி நேரே அந்த இடத்துக்கே போய், அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடியது! ஞாபகம் இல்லாமலா தேடும்? ஆய்வுகூடத்திலேயே கத்திவிட்டேன். "ஒரு எலிதானே," என்றார் பேராசிரியர். சொல்லட்டும்.

நான் தங்கியிருக்கும் பிலிமத்தலாவைக்கு பஸ்ஸில் வரும்போதே கம்பளையிலிருக்கும் அம்மாவுக்கு போன் கோல் எடுத்தேன். எலிக்கதையைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை. "ஒங்கப்பா இன்னைக்கும் நம்ம கடைய இடிச்ச எடத்துலயே சுத்திக்கிட்டு நின்னாரு. அவருக்கு எல்லாமே மறந்து போச்சு."

"இல்லம்மா! கடை எங்க இருந்துச்சின்னு இன்னும் ஞாபகம் இருக்கு."