எதை வாங்கினாலும் இரண்டு

சார்,

உங்கள் முதுகுப்பையின் வாயைக் கட்டியிருந்த கயிற்றை நேற்று மதியம் அவிழ்த்தேன். மண்ணெண்ணெய், அந்துருண்டை, ஈரம் காயாமல் மடித்து வைத்த கான்வாஸ் துணி மூன்றும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அடுக்கடுக்காகப் பத்துத் தும்மல். ஸ்டெல்லா டீச்சர் சமையலறையிலிருந்து, "அதத் தெறக்காதீங்கன்னு சொல்ல நெனச்சேன் சார்" என்றார். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் சாமான்கள் என்னைப் படுத்துவதை இன்னும் நிறுத்தவில்லை.

டீச்சர் சேலையூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, பெருங்களத்தூரில் உங்கள் மகள் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார். உங்கள் மாடி அறையில் இருப்பதில் ஒரு மூலைகூட அங்கே கொள்ளாது. என்ன செய்வது என்று கேட்டார். கல்லூரி நூலகத்தில் முப்பத்தோரு வருடம் புத்தகங்களுக்கு எண் போட்டவன் நான். பட்டியல் எழுதித் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மூன்று நாளாகிறது. அறையில் பாதிகூட முடியவில்லை.

எழுத எழுத எரிச்சல்தான் வருகிறது. நீங்கள் இருந்தபோது ஒரு நாளும் நேரில் சொல்லத் துணியாதவை இவை. வரிசை குழம்பிவிடக் கூடாது என்பதற்காக முதலில் தலைப்புகளை எழுதிக்கொள்கிறேன்.

1. நாலு பாட்டுக்கு ஒன்பது கிட்டார் வாங்கியது.
2. மலைக்குப் போகிற சாமான் எதை வாங்கினாலும் இரண்டிரண்டாக வாங்கியது.
3. இவ்வளவு வாங்கியும் என்னை ஒரு முறைகூட ஏலகிரிக்கு அழைத்துப் போகாதது.
4. கடைசியில் தனியாகப் போய்விட்டு வந்தது.

முதலில் கிட்டார். நீங்கள் கச்சேரிக்காரர் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசிப்பதோடு சரி. தெரிந்தது நாலு பாட்டு. அதில் இரண்டு ஞானப் பாட்டு, ஒன்று சினிமாப் பாட்டு, நாலாவதுக்கு உங்களுக்கே வார்த்தை தெரியாது. இதற்கு எதற்கு சார் ஒன்பது? ஒன்றின் வயிற்றில் விரிசல்; அதன்மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டியிருந்தீர்கள், அது இன்னும் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு தந்தி இருக்க வேண்டிய ஒன்றில் ஏழுதான். மடியில் படுக்க வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார் ஒன்று. அதை நீங்கள் வாசித்து நான் பார்த்ததே இல்லை. கேட்டால், "ஒவ்வொண்ணுக்கும் ஒரு குரல் சார்" என்பீர்கள். எனக்கு ஒன்பதும் ஒரே மாதிரிதான் கேட்டது. என் காது போதாது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் டீச்சருக்கும் அப்படித்தான் கேட்டதாம்.

ஞாயிறு மாலை உங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒன்றுக்குச் சுருதி சேர்க்கத் தொடங்கினால் ஒரு மணி நேரம். சேர்ந்து முடிந்து, பாட்டு வரப்போகிறது என்று நான் நிமிர்ந்து உட்காரும்போது கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிடுவார்கள். இருபது வருடத்தில் நான் கேட்டது பெரும்பாலும் சுருதி சேர்ப்பதைத்தான்.

எல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து வந்தவை. எண்பதுகளின் தொடக்கத்தில், நாம் அடுத்தடுத்த தெருக்களில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. சந்தையில் எனக்கு வாங்க ஒன்றுமில்லை. வரவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்தேன். அதே கூச்சத்தில் வருடக்கணக்காக வந்தேன். கேம்ப் ரோடு, தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை என்று பின்னால் உட்கார்ந்து போகும்போதெல்லாம், ஒன்பது மணிக்குள் திரும்பி நூலகத்தைத் திறக்க வேண்டுமே என்ற கவலை. திரும்பும்போது என் மடியில் ஏதாவது ஒரு மூட்டை இருக்கும். எதிரே வரும் பஸ்ஸை அந்த மூட்டை மறைக்கும். பஸ் வருகிறதா என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வருவீர்கள். அதில் எனக்குத் தைரியம் வரவில்லை.

பட்டாளத்தில் கழித்த சாமான்களைச் சந்தையில் பரப்பி வைத்திருப்பார் ஒரு பாய். உங்களைக் கண்டால் அவர் முகம் மலரும். என்னைக் கண்டால் அப்படியில்லை. "இன்னா சார், இவரயும் கூட்டிகினு வந்துட்டியா? நீ பத்து நிமிசத்துல வாங்கினு போய்டுவ. இவரு கேள்வி கேட்டே என் யாவாரத்த முடிச்சுடுவாரு" என்றார் ஒரு நாள். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு பொருளை வாங்கும்முன் கேள்வி கேட்பது குற்றமா?

ஏலகிரிப் பேச்சை ஆரம்பித்தது நீங்கள்தான். காக்கிக் கூடாரம் ஒன்றை வாங்கி என் மடியில் ஏற்றிவிட்டு, "மலைக்கு மேல போய் இத அடிச்சு, ரெண்டு ராத்திரி தங்கி, கிட்டார் வாசிச்சுட்டு வரலாம் சார். அங்க யாரும் சாப்பிடக் கூப்பிட மாட்டாங்க" என்றீர்கள். நான் அதுவரை ஏறிய மலைகள் திருநீர்மலையும் பரங்கிமலையும். இரண்டிலும் படி உண்டு. கூரையில்லாத இடத்தில் ஓர் இரவும் தூங்கியதில்லை. நாற்பது வயதுக்கு மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது என்று சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள். வந்தது. அன்றைக்கு நூலகத்தில் இரண்டு புத்தகங்களுக்கு ஒரே எண்ணைப் போட்டுவிட்டேன்.

செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு ஞாயிறு காலை கூடாரத்தை அடித்துப் பார்த்தோம். முளைக்குச்சி அடிக்க நீங்கள், நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுக்க நான். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், ரேசன் கார்டு எழுதறாங்களா இங்க?" என்றாள். "ஆமாம்மா. அதோ, சார்தான் எழுதறாரு" என்று என்னைக் காட்டினீர்கள். அரை மணி நேரத்தில் ஆறு பேர் வந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பழைய கார்டை வேறு எடுத்து வந்திருந்தார். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு அனுப்பியது நான். நீங்கள் கூடாரத்துக்குள் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், கூடாரமே குலுங்கியது.

கூடாரமும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் ஒவ்வொன்றுதான், அவற்றைக் குறை சொல்லவில்லை. அதன் பிறகு வந்தவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்து எழுதுகிறேன். தரையில் விரிக்கும் தார்ப்பாய், இரண்டு. மரத்தில் கட்டிப் படுக்கும் வலை ஊஞ்சல், இரண்டு. தண்ணீர்க் குடுவை, இரண்டு. விசில், இரண்டு. திசைகாட்டியும் இரண்டு, அதில் ஒன்று தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தை வடக்கு என்று காட்டியது. நம் வீடுகளுக்கு ஸ்டேஷன் மேற்கே என்று நான் சுட்டிக்காட்டியபோது, "வடக்கு எங்கயும் ஓடிப் போய்டாது சார்" என்றீர்கள். இப்படிப் பேசுகிற மனிதரிடம் என்னவென்று வாதாடுவது?

ஸ்லீப்பிங் பேக்கும் இரண்டு. மெட்ராஸில், மே மாதத்தில். உள்ளே படுத்து ஜிப்பை இழுத்துப் பார்க்கச் சொன்னீர்கள், மொட்டை மாடியில், மாலை நாலு மணிக்கு. ஜிப் கழுத்தருகே மாட்டிக்கொண்டது. டீச்சர் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு மேலே ஏறி வந்து என்னை வெளியே எடுத்தார். பனியன் பிழிந்தால் சொட்டும் நிலையில் நான் எழுந்து நிற்க, நீங்கள் கேட்டது: "குளிரு தெரியல இல்ல சார்?"

எதற்கு எல்லாம் இரண்டு என்று முந்தாநாள் டீச்சரிடமே கேட்டுவிட்டேன். பீரோத் துணிகளை மடித்துக்கொண்டே, "அதெல்லாம் உங்க சாமான்தானே சார், எங்கிட்ட எதுக்கு கேக்கறீங்க?" என்றார். எடுத்துப்போகச் சொல்வதற்காக மரியாதையாக அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பட்டியலில், 'வாங்கிய காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன்.

ஏலகிரிக்கு நாள் குறிப்பதும் தள்ளிவைப்பதுமாகப் பத்து வருடம் போனது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறையும். விடுப்புக்கு எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது மட்டும் ஐந்து முறை. எங்கள் தலைமை நூலகர் ஒரு கட்டத்தில் காகிதத்தைப் படிப்பதையே விட்டுவிட்டார். "மறுபடியும் மலையா?" என்று கேட்டு மேசை இழுப்பறையில் போட்டுக்கொள்வார், மூன்றாம் நாள் நான் போய் நிற்பேன், எடுத்துத் திருப்பித் தருவார்.

பிறகு அந்த ஜனவரி. தொண்ணூறுகளின் நடுவில் குடியரசு தினமும் வார விடுமுறையும் சேர்ந்து வந்த சமயம். மூன்று நாள் உங்கள் ஸ்கூட்டர் சத்தம் கேட்கவில்லை. நாலாம் நாள் வந்தீர்கள், மூக்கின் மேல் தோல் உரிந்திருந்தது. ஏலகிரி போய்விட்டு வந்ததாகச் சொன்னீர்கள். பிளாஸ்திரி ஒட்டிய கிட்டார், ஒரு போர்வை, ஒரு பாக்கெட் ரொட்டி, அவ்வளவுதான். கூடாரம்கூட எடுத்துப் போகவில்லை. ஒரு டீக்கடைக்காரர் கடைக்குப் பின்னால் படுக்க இடம் கொடுத்தாராம். "ஒண்ணுமே தேவப்படல சார்" என்றீர்கள், எனக்கு ஏதோ நல்ல செய்தி சொல்வது போல.

நான் உள்ளே போய்விட்டேன். நாலு மாதம் சந்தைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஹாரன் கேட்டால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன். நீங்கள் ஒவ்வொரு வெள்ளியும் வந்தீர்கள். இரண்டு முறை அடிப்பீர்கள், கொஞ்சம் நிற்பீர்கள், போய்விடுவீர்கள். "என்னங்க சின்னப் புள்ள மாதிரி" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு வெள்ளி நானே வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஏலகிரி என்ற சொல் நமக்குள் வரவே இல்லை. மலைச் சாமான் எதையும் நீங்கள் வாங்கவுமில்லை. கிட்டார் மட்டும் வந்துகொண்டிருந்தது, ஏழு, எட்டு, ஒன்பது என்று.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் குறை சொல்கிறவன் ஆதாரம் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பழக்கம். மூன்றாவது தலைப்புக்கு ஆதாரமாக, எந்தத் தடவை எது குறைந்து நாம் கிளம்பாமல் போனோம் என்பதை இன்று காலை ஒரு தாளில் எழுத உட்கார்ந்தேன்.

ஏரிக்கரையில் கூடாரம் அடித்த அன்று, "மழை பெஞ்சா அடியில தண்ணி வருமே?" என்று கேட்டேன். அடுத்த வெள்ளி தார்ப்பாய் வாங்கினீர்கள். "தரையில பூச்சி கீச்சி இருந்தா?" வலை ஊஞ்சல். "மேல குளிருமாமே, எனக்குச் சளி புடிச்சுக்குமே?" ஸ்லீப்பிங் பேக். "வழி தவறிட்டா?" முதலில் திசைகாட்டி. "அதுவும் தப்பாக் காட்டுதே?" இரண்டாவது திசைகாட்டி. "ஆளுக்கு ஒரு பக்கம் போய்ட்டா?" விசில். தாளின் இடது பக்கம் முழுக்க என் கேள்விகள். வலது பக்கம் எழுத உங்கள் சாக்கு ஒன்றைத் தேடினேன். 'இது இல்லை, அதனால் போக வேண்டாம்' என்று நீங்கள் ஒரு முறையாவது சொல்லியிருப்பீர்கள் என்று வெகு நேரம் யோசித்தேன். கிடைக்கவில்லை. நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அதுக்கென்ன சார், வாங்கிடலாம்."

அந்த ஜனவரியில் நீங்கள் கிளம்பியதற்கு முந்தின நாள் மாலையும் நினைவுக்கு வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம். என் வீட்டு கேட்டில் கை வைத்துக்கொண்டு நின்றீர்கள், ஸ்கூட்டரை அணைக்கவில்லை.

"நாளைக்குக் காலைல மொத எலெக்ட்ரிக் வண்டி சார். பார்க் ஸ்டேஷன்ல எறங்கி சென்ட்ரல்ல ஏறிடலாம். வர்றீங்களா?"

"ஸ்டவ்வுக்கு வாஷர் மாத்தணும்னீங்களே, மாத்திட்டீங்களா?"

நீங்கள் ஸ்கூட்டரை அணைத்தீர்கள்.

"இல்ல சார். மாத்தல."

"அப்ப மே மாசம் பாத்துக்கலாமே" என்றேன்.

எனக்கு நிம்மதியாக இருந்தது சார். ஆசைப்பட்டதும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் வருத்தம் வருவதற்கு முன்னால் அந்த நிம்மதி வந்துவிடும். அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. போன வாரம் என் மகன் பெங்களூருக்கு வந்து ஒரு மாதம் தங்கச் சொன்னான். ரயிலில் கீழ் பெர்த் கிடைக்குமா என்று கேட்டேன். "கெடைக்கும்பா" என்றான், உங்கள் குரலில். அடுத்த கேள்வியும் என்னிடம் தயாராக இருந்தது.

கிட்டார் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். நாலு பாட்டுக்கு ஒன்பது அதிகம்தான். தனியாகப் போனதையும் விடுவதாயில்லை. வாஷர் இல்லாவிட்டால் என்ன, கையைப் பிடித்து இழுத்திருக்கலாம் நீங்கள். ஆனால் மூன்றாவதாக எழுதியது தவறு. நீங்கள் பத்து வருடம் என்னை அழைத்துக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் நான் ஒரு பயத்தைச் சொன்னேன். நீங்கள் அதற்கு ஒரு சாமானை வாங்கி வந்தீர்கள், உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான்தான் வரவில்லை.