நான் மொழிபெயர்க்காத பந்தி

அன்ரி,

இன்று மாலை மார்க்கம் வீதி பஸ்ஸில் எனக்குப் பின்னால் டோனற் கடைச் சீருடையோடு ஒரு பெண் ஏறினார். சீனிப்பாகும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்ததும் நீங்கள்தான் என்று திரும்பிவிட்டேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தபோது, டோனற் கடை வேலை முடிந்து வந்து பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்துப் பாடங்களைப் படிப்பீர்கள். சரித்திரம் பிடித்திருந்தது, ஆங்கிலம்தான் இடறியது. பிரெஞ்சுப் புரட்சியின் வன்முறை தேவையானதா என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நீங்கள் தமிழில் எழுத, நான் ஆங்கிலமாக்குவது என்று பேச்சு. எனக்குப் பதினைந்து வயது. பிரபுக்களின் சலுகைகளை ஒழித்து, மனிதர் எல்லாரும் சமம் என்று எழுதிவைத்த அந்த வழக்கறிஞர்களும் வியாபாரிகளும் என் கண்ணுக்கு மாசற்றவர்கள்.

சனிக்கிழமை குசினி மேசையில் தாள்களை விரித்தோம்.

"இஞ்சை பார் பிள்ளை. உரிமை உரிமையெண்டு எழுதினவை, பிறகு பிடிபட்டவனுக்கு வக்கீல் கிடையாதெண்டு சட்டம் போட்டிருக்கினம். அவையளே வக்கீல்மார்."

"நாட்டைச் சுத்திச் சண்டை அன்ரி. வேறை வழியில்லை," என்றேன்.

"தலை வெட்டச் சொன்ன அந்தக் கொமிற்றியிலை உன்னைப் போட்டிருந்தால் என்ரை தலையும் போயிருக்கும்," என்று சிரித்தீர்கள்.

கடைசிப் பந்தி பிரான்ஸைப் பற்றியதல்ல, உங்கள் தம்பியைப் பற்றியது. ஊரில் விடுதலைக்கென்று இயக்கத்துக்குப் போனவர், தலைமையிடம் ஒரு கேள்வி கேட்டதற்காகத் தன் தோழர்களாலேயே கொல்லப்பட்டதை ஏழெட்டு வரிகளில் எழுதியிருந்தீர்கள். அவருக்குப் பதில் சொல்ல ஒரு மணித்தியாலம் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று முடித்திருந்தீர்கள்.

நான் அந்தப் பந்தியை விட்டுவிட்டேன். அதனிடத்தில், வன்முறை வருந்தத்தக்கது, ஆனால் தவிர்க்க முடியாதது என்று நானே ஒரு முடிவுரை எழுதினேன். உங்களிடம் கேட்கவில்லை.

அடுத்த நாள் அகராதியோடு உட்கார்ந்து வாசித்தீர்கள்.

"தம்பி எங்கை?"

"இது பிரான்ஸைப் பற்றின கட்டுரை அன்ரி. ஆதாரமும் இல்லை. புள்ளி குறைப்பினம்."

"ஓம். உதுக்குள்ளையும் அவனுக்கு இடமில்லை."

உங்கள் குரலில் கோபம் இருக்கவில்லை. ஆங்கிலத் தாள்களை மடித்துக்கொண்டு கீழே போனீர்கள். அதன்பிறகு ஒரு கட்டுரைக்கும் என்னிடம் வரவில்லை. நல்ல புள்ளி கிடைத்ததென்று அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆதாரம் இல்லை என்றது சாட்டு. அந்தப் பந்தி என் புரட்சியைக் கெடுத்தது, அதுதான் காரணம். மன்னிப்புக் கேட்கப் பல நாள் படிக்கட்டு வரை வந்திருக்கிறேன். கீழே உங்கள் ரேடியோ கேட்கும். நாளைக்குப் பார்ப்போம் என்று திரும்பிவிடுவேன். தை மாதத்தில் ஒருநாள் வேலையிடத்திலேயே உங்களுக்கு மாரடைப்பு வந்தது.

இந்த வாரம் என் வகுப்பிலும் அதே கேள்வியைக் கொடுத்தார்கள். இம்முறை உங்கள் தம்பியை எழுதுவதென்று உட்கார்ந்தேன். உங்கள் தமிழ்த் தாளை, வேலை முடிந்ததென்று மொழிபெயர்த்த அன்றே கிழித்துப் போட்டவள் நான். நீங்கள் கேட்ட கேள்வி ஞாபகமிருக்கிறது, அந்த ஒரு மணித்தியாலம் உட்பட. முதல் வரியில் அவருடைய பெயரை எழுதியிருந்தீர்கள். எவ்வளவு யோசித்தும் அது வரவில்லை.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அவவுக்கு ஒரு தம்பி இருந்தவனோ?" என்றார்.

எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தீர்கள்.