பின்பக்கத்துச் சாமான்கள்

கிள்ளான்
4 மார்ச் 2024

அன்புள்ள ரெங்கசாமிக்கு,

லோகன் எழுதுவது. போனில் நான் ஒன்று கேட்டால் உன் காதில் வேறொன்று விழுகிறது. அதனால்தான் இந்தக் காகிதம். பர்மிங்ஹாமில் குளிர் விட்டதா? உன் மகள் பிரியாவும் பிள்ளைகளும் சுகமா?

என் பழைய எம்.ஜி.பி. காருக்கு நீ அனுப்பிய பெட்டி வந்தது. முன் பிரேக் ஹோஸும் ரேடியேட்டர் ரப்பரும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. பின்பக்கத்துக்கு அனுப்பியதில் ஒன்றுகூடச் சேரவில்லை. ஆயில் சீலின் அளவு வேறு, விளக்கு ரப்பரின் வடிவம் வேறு. மெக்கானிக் கன்னையா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாஸ், பத்திரத்துல 1970 எம்.ஜி.பி.ன்னு இருக்கு. சாமானும் எழுபதுக்குத்தான் வந்திருக்கு. அப்புறம் ஏன் உட்கார மாட்டேங்குது?" என்கிறான். எனக்கும் விளங்கவில்லை.

வருகிற ஆகஸ்டில் எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம். குமுதாவை ஏற்றிக்கொண்டு பினாங்கு வரை ஓட்டிப் போக ஆசை. கடைக்காரனிடம் விசாரித்துச் சொல்.

உன்
லோகன்


பர்மிங்ஹாம்
23 மார்ச் 2024

அன்பு லோகா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். கடைக்காரன் பெட்டி மாற்றிப் போட்டிருப்பான் என்று நினைக்கிறேன். வேறொரு கடையில் எழுபதுக்கு உரியதையே வாங்கி மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

அது ஐம்பது வருடத்துக் கார். பினாங்கு என்ன பக்கத்திலா இருக்கிறது? முப்பதாவது வருடத்தை ரயிலில் கொண்டாடினால் குறைந்தா போகும்? குமுதா தங்கச்சியிடம் கேட்டுப் பார், அவள் ரயிலைத்தான் சொல்வாள்.

அன்புடன்
ரெங்கசாமி


கிள்ளான்
22 ஏப்ரல் 2024

அன்புள்ள ரெங்கா,

இரண்டாவது பெட்டியும் அதே கதைதான். முன்பக்கத்துக்கு வந்தது எல்லாம் சரி, பின்பக்கத்துக்கு எதுவும் சேரவில்லை. கன்னையா இரண்டு நாளாகக் கையேட்டுப் படங்களை வைத்துக்கொண்டு அளந்தான். "முன்னால ஒரு வயசு, பின்னால வேற வயசு லா பாஸ்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்தான் எங்கோ தப்பாகப் பார்க்கிறேனோ என்று ராத்திரியெல்லாம் அதே யோசனை.

பின்சக்கரத்தில் எண்ணெய் கசிந்து பிரேக் வரை போகிறது. செராஸில் ஒரு கடையில் ஏதோ ஒரு சீல் கொடுத்தார்கள். அதையே அழுத்தி மாட்டிவிட்டு ஆகஸ்டில் கிளம்பிவிடலாம் என்று இருக்கிறேன். குமுதா ரயில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புதுச் சேலைகூட எடுத்துவிட்டாள்.

உன்
லோகன்


பர்மிங்ஹாம்
6 மே 2024

லோகா,

அந்தக் கடை ஆயில் சீலைத் தயவுசெய்து மாட்டாதே. விரைவுத் தபாலில் ஒரு சிறு பெட்டி வருகிறது. அதில் இருப்பதை மட்டும் போடு. பொருந்தினாலும் பினாங்குக்குப் போகாதே. நம் தெருவைத் தாண்டவே வேண்டாம். காரணம் கேட்காதே.

ரெங்கசாமி


கிள்ளான்
27 மே 2024

ரெங்கசாமி,

சிறு பெட்டி வந்தது. எல்லாம் பொருந்தின. ஆயில் சீலைக் கன்னையா விரலாலேயே அழுத்தி உட்கார வைத்தான். விளக்கு ரப்பரும் சேர்ந்துவிட்டது. பிறகு சாமான் வந்த உறையைப் பார்த்தான். 1965 என்று அச்சடித்திருந்தது.

என் காரின் பின்பக்கம் அறுபத்தைந்து என்று எனக்கே தெரியாது. நான் எந்தக் கடிதத்திலும் அப்படி எழுதவில்லை. நீ எப்படிச் சரியாக அனுப்பினாய்?

நேற்று இருக்கைகளைக் கழற்றி விரிப்பைத் தூக்கினோம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு வெல்டிங் கோடு, அதன்மேல் தார். ஓர் இடத்தில் துரு தின்று என் சுண்டுவிரல் நுழைகிறது. "இது ரெண்டு வண்டி பாஸ். யாரோ வெட்டி ஒட்டியிருக்காங்க" என்றான் கன்னையா. 1996-இல் இதை உன்னிடமிருந்து வாங்கினேன். அன்று முதல் யாரும் இதை வெட்டவில்லை.

நடந்ததை உள்ளபடியே எழுது.

லோகன்


பர்மிங்ஹாம்
12 ஜூன் 2024

லோகா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

1995-இல் காராக் சாலை இறக்கத்தில் ஒரு லோரி பின்னால் வந்து மோதியது. எனக்குக் காயமில்லை. காரின் பின்பாதி நசுங்கிவிட்டது. ஒரு பட்டறையில் வேறொரு 1965 எம்.ஜி.பி.யின் பின்பாதியை ஒட்டிக் கொடுத்தார்கள். "பெயின்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது" என்றார்கள். எனக்கே தெரியவில்லை.

நீ காரைக் கேட்டு வந்த அன்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீ துணிக் கூரையை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. பிறகு சொன்னால், அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே வருடங்கள் போய்விட்டன.

சேராது என்று தெரிந்தேதான் எழுபதுக்கு உரியதை அனுப்பினேன். அலுத்துப்போய் வேலையை நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். நீ நிறுத்தவில்லை. குமுதாவும் நீயும் நெடுஞ்சாலையில் போகும்போது அந்த ஒட்டு விட்டுப்போனால் என்று நினைத்தபோதுதான் தாங்க முடியாமல் அறுபத்தைந்துக்கு உரியதை அனுப்பினேன்.

ஜூலை 16 செவ்வாய்க்கிழமை காலை கோலாலம்பூருக்கு வருகிறேன். நீ விமான நிலையத்துக்கு வராவிட்டால் பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா வீட்டில் இருப்பேன்.

ரெங்கசாமி


கிள்ளான்
1 ஜூலை 2024

ரெங்கசாமி,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. ஒரு முறை உன்மேல் கோபம் வருகிறது, அடுத்த முறை என்மேல். கன்னையா காரைத் தூக்கி வைத்துக்கொண்டு, என்ன செய்ய என்று தினமும் கேட்கிறான். இரண்டில் எது என் கார் என்று எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வேன்.

98-இல் மலர் பிறந்து மூன்றாம் நாள். குமுதா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். நீ உன் வேனில் எங்கள் பின்னாலேயே வந்தாய். மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சிக்னலில் இறங்கி வந்து இரண்டு முறை சொன்னாய். என் தம்பிகூட அன்று வரவில்லை, நீ வந்தாய் என்று இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை எப்படி எடுத்துக்கொள்வது? நீ எங்களோடு வந்தாயா, அந்த வெல்டிங் கோடு தாங்குமா என்று பார்த்துக்கொண்டே வந்தாயா?

குமுதாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் வருகிறார் என்று உனக்கு அறையைத் துடைத்து வைத்திருக்கிறாள். என் வாயால் இதைச் சொல்ல முடியாது. நீதான் சொல்ல வேண்டும், வாசலிலேயே, செருப்பைக் கழற்றும் முன். அவள் உள்ளே கூப்பிட்டால் வா.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் நிற்பேன். வழியில் உன்னிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

லோகன்