டர்போ குழாயில் இருந்த கயிறு

ஏனுங்க,

கொள்ளுப்பருப்பு கடைஞ்சு அடுப்பு மேல வெச்சிருக்கறேன்.

நம்ம வண்டி டர்போவைக் கழட்ட மெக்கானிக் பெனடிக்ட் பத்து மணிக்கு வருவாருங்க. டீ குடுத்து அனுப்பிப்போடுங்க. டர்போ நல்லாத்தான் இருக்குது. பக்கத்து ஊட்டு அக்காவை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லி, டர்போவுல இருந்து என்ஜினுக்குக் காத்துப் போற குழாய் மேல சோப்புத் தண்ணி ஊத்திப் பார்த்தேன். குழாயை இறுக்கிப் புடிக்கற கிளாம்புகிட்ட நுரை பொங்குச்சு. கழட்டுனா, அடியில மாசாணியம்மன் கோயில் கயிறு. கயித்தால விழுந்த சந்துல காத்துப் போயித்தான் மேட்டுல வண்டி இழுக்கலைங்க.

எனக்குக் கியர் போடத் தெரியாம டர்போ போச்சுன்னு நேத்துப் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க.

நான் தினமும் தனியா வண்டியில மலையேறுறேன்னு கட்டியிருப்பீங்க. வெளிய கட்டுனா சிரிப்பேன்னு ஒளிச்சு வெச்சீங்களாக்கும்.

கிளாம்பை முறுக்கிப்போட்டேன். வண்டியிலதான் வேலைக்குப் போறேன், நேரமே வாரேன்.

வளர்மதி

கயித்தைத் தேடாதீங்க. என் கையில கட்டியிருக்கறேன்.